தகடு படியும் கணக்கு

பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணே வரை 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் முதற் பயணிகள் இரயில் ஓடியதை யாவரும் அறிவர். அந்த இருப்புப் பாதையின் ஓரமாகவே பின்னாளில் எஃகுத் தகட்டை மடித்தும் குழித்தும் பண்டமாக்கும் தொழில் வேரூன்றியது என்பதைச் சிலரே நினைப்பர்.

அப்பாதையில் உள்ள விக்ரோலியில் கோத்ரெஜ் நிறுவனத்தார் ஆலை அமைத்தனர். பூட்டும் இரும்புப் பெட்டியும் அலமாரியும் செய்து பழகிய அவர்களிடம், 1951-52ஆம் ஆண்டுகளில் நடந்த முதற் பொதுத்தேர்தலுக்கான வாக்குப்பெட்டிகள் செய்யும் பணியில் பெரும்பங்கு வந்து சேர்ந்தது. அத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வேண்டியிருந்தது. எழுத்தறியாதவரும் தம் வாக்கை இனங்கண்டு இடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. நாடெங்கும் 20 இலட்சத்திற்கு மேற்பட்ட எஃகுப் பெட்டிகள் தேவைப்பட்டன. அவற்றிற்குச் செலவான எஃகு சுமார் 8,200 டன். இத்தனை பெட்டிகளிலும் மூடி ஒன்றுபோல் படிய வேண்டும். ஒரு பெட்டியின் விளிம்பு சற்றே விலகி நின்றாலும் தோற்றவர் ஐயுறுவார். வென்றவரும் தலைநிமிர்ந்து நிற்க இயலாது. தகட்டு வேலையின் தரம் இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமந்த தருணம் நம் நாட்டில் வேறு உண்டோ என்பது ஐயமே.

தகடு எளிதிற் பணியும் பொருளன்று. வளைத்துக் கையை எடுத்தால் சிறிது நிமிர்ந்துகொள்ளும். ஆதலின் வேண்டிய கோணத்திற்குச் சற்று மிகையாகவே வளைத்தல் வேண்டும். கிண்ணம்போற் குழிக்கையில், அச்சின் விளிம்பில் தகட்டை இறுகப் பிடித்தால் அடிமூலை கிழியும். தளரப் பிடித்தாலோ விளிம்பு சுருங்கி மடிப்பு விழும். பழைய எண்ணெய்த் தகரங்களை நிமிர்த்திப் புதுக்கும் தாராவித் தொழிலாளர் இவ்வுண்மையைச் சுத்தியலின் ஓசையிலேயே உணர்வர். ஆனால் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் அழுத்தும் பொறிக்குச் செவியில்லையே! ஒரு தவறான அச்சு, பிழை தெரிவதற்குள் தகட்டுக் குவியலையே வீணாக்கிவிடும்.

இந்தக் கைப்பழக்கத்தை அளவைக்குள் கொணர்ந்த முயற்சி அயல்நாட்டில் நிகழ்ந்தது. தகடு எல்லாத் திசையிலும் ஒரேவிதமாய் நீள்வதில்லை என்பதை எண்ணால் குறிக்கும் முறையை 1950இல் லாங்க்ஃபோர்டும் அவர்தம் துணைவரும் வகுத்தனர். 1960களில் கீலர் என்னும் அமெரிக்கர் செய்தது அதனினும் எளிது. எனக்கு மிகவும் உவப்பானது. அழுத்துவதற்கு முன் தகட்டின்மேல் சிறு வட்டங்களைப் பொறித்தார். அழுத்தியபின் வட்டங்கள் நீள்வட்டங்களாயின. ஒவ்வொன்றின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, எவ்வளவு இழுத்தால் தகடு கிழியும் என்னும் எல்லைக்கோட்டை வரைந்தார். ஒரு திசையில் நீண்டு மறுதிசையில் குறுகும் தகட்டிற்குரிய பகுதியை 1968இல் குட்வின் வரைந்து சேர்த்தார்.

அழுத்துமுன்னரே விடை காணும் வழியும் பின்னர்ப் பிறந்தது. பெரிய உருவத்தைப் பல சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறைக்கு 1943இல் கூரன்ட் எழுதிய கட்டுரையில் வித்து உண்டு. அதற்கு இன்றுள்ள பெயரை இட்டவர் கிளஃப், 1960இல். 1976இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் ஹால்குவிஸ்ட் ஒரு கணிப்பொறி நிரலை எழுதினார். தாழப் பறக்கும் விமானம் இடும் அணுகுண்டு தரையில் மோதுங்கால் எவ்வாறு நசுங்கும் என்று அறிவதே அதன் நோக்கம். அழிவுக்கென எழுந்த அக்கணக்கின் வழித்தோன்றலே இன்று மோட்டார் வண்டியின் கதவுத்தகடு எங்கே மெலியும் என்று சொல்லுகிறது. இதை விந்தை என்னாமல் வேறென் சொல்வது?

நம் பக்கத்திலும் காலம் வாளா இருக்கவில்லை. அகன்ற தகட்டிற்கெனவே ரூர்கேலா எஃகாலை எழுந்தது. அதன் முதல் ஊதுலை 1959இல் இயங்கத் தொடங்கியது. பொவாயில் 1958இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தோன்றியது. தாணேயின் வாக்ளே தொழிற்பேட்டையில் 1960களில் பட்டறைகள் பெருகின.

குழாய் வளைப்போர்க்கு இடர் இன்னும் மிகுதி. வளைவின் வெளிச்சுவர் மெலியும், உட்சுவர் சுருங்கும், வட்டவாய் சப்பையாகும். முன்னோர் குழாயினுள் மணலைக் கெட்டித்து வளைத்தனர்; பின்னர் எஃகு உருளையை உள்ளே செருகினர். எத்துணை மெலியும் என்பதை இப்பொழுது கணிப்பொறி முன்கூட்டியே வண்ணப்படமாய்க் காட்டுகிறது. ஆயினும் அந்த விடையைச் சரிபார்க்க, புதிய அச்சில் ஏறும் முதற் தகட்டின்மேல் அதே சிறு வட்டங்களைப் பொறித்து அழுத்தி அளக்கும் வழக்கம் இன்னும் நின்றுவிடவில்லை.