புற்றுநோய் பரம்பரை வியாதியா? அடையாறு தந்த பதில்

புற்றுநோய் என்றதும் நம் வீடுகளில் குரல் தணிந்துவிடும். "அந்த வியாதி" என்பார்களே தவிர, பெயரைச் சொல்ல மாட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாதே என்ற பயம் வேறு. இந்த மௌனத்தோடு மல்லுக்கு நின்ற ஒரு நிறுவனம் நம்ம அடையாறில் இருக்கிறது. அதன் கதை இன்றைய மாணவர்களுக்கும் தெரிய வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் சகோதரி சுந்தராம்பாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே, இந்நோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று, வெறும் 12 படுக்கைகளோடு அடையாறு கான்சர் இன்ஸ்டிடியூட் திறந்தது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த மயிலாப்பூர்ப் பெண் டாக்டர் சாந்தாவும் அதை ஆளாக்கினார்கள். 2021-ல் காலமாகும் வரை சாந்தா அம்மாவுக்கு அந்த வளாகமே வீடு.

அங்கே வரும் குடும்பங்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அம்மாவுக்கு வந்துச்சே, எனக்கும் வருமா டாக்டர்?"

1954-ல் இதற்கு யாரிடமும் தெளிவான பதில் இல்லை. 1971-ல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்ஸன், குழந்தைகளின் கண்ணில் வரும் ஒரு புற்றுநோயை ஆராய்ந்து வழி காட்டினார். ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதி. ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. செல்லைக் கட்டுக்குள் வைக்கிற ஜீனில் இரண்டு பிரதியும் கெட்டால்தான் ஆபத்து. சிலர் பிறக்கும்போதே ஒரு கெட்ட பிரதியோடு வருகிறார்கள். மிச்சம் ஒன்று கெட்டால் போதும். அதனால்தான் அவர்களுக்கு நோய் இளம் வயதிலேயே வருகிறது.

மார்பகம், சினைப்பை புற்றுநோய்களோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ.-1 ஜீன் 1994-லும், பி.ஆர்.சி.ஏ.-2 அடுத்த ஆண்டிலும் பிடிபட்டன. பழுதான டி.என்.ஏ.வைச் சரிசெய்வது இவற்றின் வேலை. 2003-ல் அடையாறு ஆய்வாளர்கள், தென்னிந்தியக் குடும்பங்களில் இந்த ஜீன்களில் உள்ள பிழைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பி.ஆர்.சி.ஏ.-1-ல் இரண்டே எழுத்து விட்டுப்போகும் ஒரு பிழை, ஐரோப்பிய வழி யூதர்களிடம் பிரபலமானது. அதே பிழை தென்னிந்தியக் குடும்பங்களிலும் காணப்பட்டிருக்கிறது! இரண்டு எழுத்து போனால் என்ன என்று நினைக்கலாம். ஜீனை மும்மூன்று எழுத்தாகத்தான் செல் படிக்கிறது. இரண்டு போனால் அதற்கப்புறம் எல்லாமே பிறழ்ந்துவிடும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. புற்றுநோய்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே இப்படிப் பரம்பரையாக வருபவை. மற்றவற்றில் பிழைகள் வாழ்நாளில் சேருபவை. புகையிலை அதில் முதல் குற்றவாளி. பரம்பரையாக வருவதும் நோய் அல்ல, நோய்க்கான வாய்ப்புதான். அந்த வாய்ப்பை அப்பாவும் கொடுக்கலாம். பழுதுள்ள பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, சரிபாதி வாய்ப்பு. "அம்மா வழி சாபம்" என்று மருமகளைப் பார்த்துச் சொல்வது அறியாமை.

முன்கூட்டியே தெரிந்தால் பரிசோதனையைச் சீக்கிரம் தொடங்கலாம்; தேவையானால் தடுப்பு சிகிச்சையும் உண்டு. அதற்கு முதல் படி ரத்தப் பரிசோதனைகூட இல்லை, பேச்சுதான். இந்த முறை ஊருக்குப் போகும்போது பாட்டியிடம், பெரியப்பாவிடம் கேளுங்கள்: யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில் வந்தது? இரு பக்க உறவிலும் கேட்டு, ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரே பக்கத்தில் பலருக்கோ, ஐம்பது வயதுக்குள்ளோ வந்திருந்தால், அந்தத் தாளோடு மரபியல் ஆலோசனை தரும் மருத்துவரைப் பாருங்கள். மறைத்து வைப்பதால் எந்தப் பெண்ணும் பிழைத்ததில்லை.