தோற்ற பாட்டுகளின் ஊர்

மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் நடுவே விகன் என்று ஓர் ஊர். நிலக்கரியும் பஞ்சும் சோறு போட்ட ஊர். 1936இல் ஜார்ஜ் ஆர்வெல் அங்கே போய்த் தங்கிவிட்டு வந்து, மறு வருஷம் ஒரு புத்தகம் போட்டார். அன்றிலிருந்து விகன் என்றாலே வறுமை என்று ஆகிவிட்டது. எனக்கு அந்த ஊர் வேறு காரணத்துக்காகப் பெரிது. 1973 செப்டம்பர் முதல் 1981 டிசம்பர் வரை, அங்கே ஸ்டேஷன் ரோட்டில் இருந்த ஒரு பழைய நடனக்கூடத்தில், அமெரிக்காவில் விலைபோகாத பாட்டுகளை விடிய விடியப் போட்டு ஆடினார்கள். ஹிட் ஆன பாட்டுக்கு அங்கே மரியாதை கிடையாது. தோற்ற பாட்டுக்குத்தான் மாலை.

நான் கோயமுத்தூர் மில்லில் ஸ்பின்னிங் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கப்பாவும் மில்தான். அவர் நின்ற ரிங் ஃபிரேமில் ‘பிளாட் பிரதர்ஸ், ஓல்டம்’ என்று இரும்பில் வார்த்த எழுத்து இருக்கும். ஓல்டம் மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர். எங்கள் ஊரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அசல் மான்செஸ்டர்க்காரன் ராத்திரி சிப்ட் இல்லாத நாளில் என்ன செய்தான் என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. அதை நானாகத் தேடிப்போய்த் தெரிந்துகொண்டேன், பாட்டு வழியாக.

எழுபதுகளின் வடக்கு இங்கிலாந்தில் அந்தப் பாட்டுகளுக்கு ‘நார்தர்ன் சோல்’ என்று பெயர். பாடியவர்கள் வடக்கு இங்கிலாந்துக்காரர்கள் அல்ல. பெரும்பாலும் டெட்ராயிட், சிகாகோ, பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக் கறுப்பினப் பாடகர்கள். இதன் வேர் மோட்டவுன் என்ற பாட்டுக் கம்பெனியில் இருக்கிறது. பெர்ரி கார்டி டெட்ராயிட்டில் லிங்கன்-மெர்குரி கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1959இல் அதைத் தொடங்கியபோது, கார் செய்கிற முறையிலேயே பாட்டும் செய்தார். எழுத ஒரு குழு, வாசிக்க நிரந்தரமாக ஒரு குழு, முடிந்த பாட்டை வெளியே அனுப்பலாமா வேண்டாமா என்று ஓட்டுப் போட வாராவாரம் ஒரு தரப்பரிசோதனைக் கூட்டம். அடியும் மாறாது: நாலு தட்டுக்கு நாலு தட்டு, மேலே தம்பூரின், பின்னால் பித்தளைக் குழல்கள், வயலின்கள். அந்த அச்சில் சுப்ரீம்ஸும் ஃபோர் டாப்ஸும் உலகப் புகழ் பெற்றார்கள்.

ஒரு தறி நன்றாக ஓடினால் தெருவெல்லாம் தறி போடுவார்கள். டெட்ராயிட்டிலும் அதுதான் நடந்தது. வீட்டுக் கேரேஜிலும் கடைக்குப் பின்புற அறையிலும் சின்னச் சின்னக் கம்பெனிகள் முளைத்தன. மோட்டவுனின் வாத்தியக்காரர்களே சம்பளம் போதாமல் ஒளிந்து வந்து மற்றவர்களுக்கும் வாசித்தார்கள். 1966இல் வந்த கேபிடல்ஸ் குழுவின் ‘கூல் ஜெர்க்’ பின்னால் ஒலிப்பது அந்தக் கைகள்தான். அது ஹிட். அதே கைகள், அதே தரம், ஆனால் ஹிட் ஆகாமல் போனவை எத்தனையோ.

ஏன் போயின? பாட்டு மட்டம் என்பதால் அல்ல. சின்னக் கம்பெனிக்குத் தன் ஊரைத் தாண்டிச் சரக்கு அனுப்ப வழி இல்லை; ரேடியோக்காரரைக் கவனிக்கப் பணம் இல்லை. இன்னொன்று, 45 சுழற்சி இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கத்துக்குத்தான் விளம்பரம். மறுபக்கம் காலியாக விட முடியாது என்பதற்காக வைத்த பாட்டு. கம்பெனி எந்தப் பக்கத்தைக் கைகாட்டியதோ அந்தப் பக்கத்தோடு பாட்டின் தலையெழுத்து முடிந்தது. விற்காத தட்டுகள் கிடங்குக்குப் போய், அங்கிருந்து சில சென்டுக்குக் கட்டுக்கட்டாகக் கைமாறின.

அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவிலேயே சோல் இசையின் நடை மாறியது. வேகம் தணிந்து ஃபங்க் வந்தது. லண்டன் இளைஞர்கள் நீளமான கிதார் ராக் பக்கம் போனார்கள். வடக்கே இருந்தவர்கள் மட்டும் மாறவில்லை. மான்செஸ்டரில் ட்விஸ்டட் வீல் என்று ஒரு கிளப் 1963 முதல் இருந்தது. சனிக்கிழமை ராத்திரி முழுக்க அங்கே அந்தப் பழைய வேக நடைதான். புதுச் சரக்கு வருவது நின்றுவிட்டதால், பழையதில் யாரும் கேட்காததைத் தோண்ட ஆரம்பித்தார்கள்.

இதற்குப் பெயர் வைத்தவர் டேவ் காடின். லண்டன் கோவென்ட் கார்டனில் சோல் சிட்டி என்று தட்டுக்கடை வைத்திருந்தவர். கால்பந்தாட்டம் பார்க்க வடக்கிலிருந்து வருகிறவர்கள் கடைக்கு வந்து புதுப் பாட்டைத் தொடவே மாட்டார்கள், பழைய வேகப்பாட்டுதான் கேட்பார்கள். அவர்களுக்கு எதைப் போட்டுக்காட்டுவது என்று கடைப் பையன்களுக்கு அடையாளம் சொல்ல ‘நார்தர்ன் சோல்’ என்றார். 1970இல் ‘ப்ளூஸ் அண்ட் சோல்’ பத்திரிகையில் அவர் எழுதிய பத்தியில் அந்தப் பெயர் அச்சேறியது. கல்லாவில் பிறந்த பெயர். விமர்சகர்கள் வைக்கும் பெயர்களைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

ட்விஸ்டட் வீல் 1971இல் மூடியது. ஸ்டோக் பக்கத்தில் டன்ஸ்டாலில் இருந்த டார்ச் கிளப் 1973 வரை ஓடியது. அதே வருஷம் செப்டம்பர் 23, ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு விகன் கேசினோவின் கதவு திறந்தது. பெயர்தான் கேசினோ, சூதாட்டம் ஒன்றும் இல்லை. எம்ப்ரெஸ் என்ற பழைய நடனக்கூடம். ரஸ் வின்ஸ்டன்லி தட்டுப் போட்டார். இரண்டு மணிக்குத் தொடங்கிக் காலை எட்டு வரை. மது கிடையாது. அந்த நேரத்துக்கு விற்க உரிமமும் இல்லை, வந்தவர்களுக்கு வேண்டியிருக்கவும் இல்லை. தூக்கத்தை விரட்ட மாத்திரை போட்டவர்கள் இருந்தார்கள், போலீசும் வந்துபோனது. அதை மறைத்துப் பேசினால் வரலாறு பொய்யாகிவிடும்.

ஸ்காட்லாந்திலிருந்தும் மிட்லேண்ட்ஸிலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். கையில் ஒரு பை: துண்டு, மாற்றுச் சட்டை, டால்கம் பவுடர். சட்டை மாற்றத்தான், ஏனென்றால் முதல் சட்டை மூன்று மணிக்கே பிழிகிற பதத்துக்கு வந்துவிடும். பவுடர் உடம்புக்கு அல்ல, தரைக்கு. நாம் கேரம் போர்டில் தூவுகிற மாதிரி மரத்தரையில் தூவி, தோல் அடி வைத்த ஷூவோடு வழுக்கி ஆடுவார்கள். அகலக் கால்சட்டை அணிந்திருப்பார்கள். சுழல்வார்கள், முதுகுப்பக்கம் விழுந்து எழுவார்கள். ஜோடி வேண்டாம், அவரவர் தனியாகத்தான் ஆட்டம். வாரம் முழுக்க மில்லிலும் சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் நின்ற கால்கள். அந்த மில் வட்டாரமான லங்காஷயரில் மில்கள் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டிருந்த காலம் அது. 1959லேயே பழைய தறிகளை உடைக்க அரசாங்கம் சட்டம் போட்டுப் பணம் கொடுத்திருந்தது.

எங்கப்பாவிடம் ஒரு தடவை இதைச் சொன்னேன். “ராச்சிப்ட் முடிஞ்சவன் தூங்கோணும் கண்ணு. ஆடறானாம்ல” என்று சிரித்தார். பிறகு, “என்ன பாட்டு, போடு பாக்கலாம்” என்றார்.

அவருக்குப் போட்டது ஆர். டீன் டெய்லரின் ‘தேர்ஸ் எ கோஸ்ட் இன் மை ஹவுஸ்’. டெய்லர் டொராண்டோவைச் சேர்ந்த வெள்ளைக்காரர், மோட்டவுனில் இருந்தவர். 1967இல் அந்தப் பாட்டு வந்தபோது நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நடனக்கூடங்கள் பிடித்துக்கொண்டதால் மறுபடி வெளியிட்டு, 1974இல் பிரிட்டிஷ் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. முதல் நொடியிலேயே கரகரவென்று ஒரு கிதார் வரும். கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்லிவிடலாம்.

என் பட்டியலில் அடுத்தது சாண்டி ஷெல்டனின் ‘யு’ர் கோனா மேக் மீ லவ் யூ’. 1967, ஓகே கம்பெனி. எழுதியவர் வான் மெக்காய். எட்டு வருஷம் கழித்து ‘தி ஹசில்’ என்று டிஸ்கோ பாட்டுப் போட்டு உலகத்தையே ஆடவைத்தாரே, அவர்தான். எனக்கு ‘தி ஹசில்’ வேண்டாம்; இது போதும். இரண்டரை நிமிஷத்தில் மூச்சுவிட இடம் இல்லாமல் ஏறிக்கொண்டே போகும்.

விகனில் விடியும் நேரத்துக்கென்று மூன்று பாட்டுகள் இருந்தன. எட்டு மணிக்கு முன் வரிசையாக அவைதான்: ஜிம்மி ராட்கிளிஃப், டோபி லெஜண்ட், டீன் பாரிஷ். மூன்றில் டோபி லெஜண்டின் ‘டைம் வில் பாஸ் யூ பை’யை நான் மேலே வைப்பேன். பாட்டுச் சொல்வது காலம் போய்விடும் என்பதை. அடி சொல்வது இன்னும் ஆடு என்பதை.

இனி அந்த வழக்கத்தின் கோணல் பக்கம். எந்தத் தட்டு யாரிடமும் இல்லையோ அதுதான் பெரிய தட்டு என்று ஆனது. டிஜே ஒருவர் அபூர்வமான தட்டு கண்டெடுத்தால், மற்றவர்கள் தேடிவிடக்கூடாது என்று லேபிள்மேல் தாள் ஒட்டி, பாடகருக்குப் பொய்ப் பெயர் சூட்டிவிடுவார். ஃபிராங்க் வில்சன் 1965இல் மோட்டவுனுக்காகப் பாடிய ‘டூ ஐ லவ் யூ’ விகனில் எடி ஃபாஸ்டர் என்ற பெயரில்தான் சுற்றியது. வில்சன் பாடகராக வேண்டாம், தயாரிப்பாளராகவே இருக்கட்டும் என்று முடிவானதால் அச்சடித்த தட்டுகளை அழித்துவிட்டார்கள். தப்பியது விரல்விட்டு எண்ணும் அளவு. அதில் ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு ஏலம் போனது. பாட்டு நல்ல பாட்டு, சந்தேகமில்லை. ஆனால் அபூர்வம் என்ற ஒரே காரணத்துக்காகக் கொண்டாடப்பட்ட சப்பைத் தட்டுகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. காது சொல்லவேண்டியதை விலை சொல்ல ஆரம்பித்தால் இப்படித்தான்.

விகனுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் பிளாக்பூல் மெக்கா நடனக்கூடத்தின் டிஜேக்கள் இயன் லெவினும் காலின் கர்ட்டிஸும். எழுபதுகளின் புதுப் பாட்டையும் போடுவோம் என்றார்கள். அறுபதுகளைத் தாண்டக்கூடாது என்று விகன் கட்சி கொதித்தது. ஒரே வட்டாரம், இரண்டு சம்பிரதாயம். வடகலை தென்கலைச் சண்டையைப் பார்த்து வளர்ந்த நாட்டுக்காரனுக்கு இது சுலபமாகப் புரியும்.

பாடியவர்களுக்கு என்ன கிடைத்தது? பழைய தட்டு கைமாறினால் பாடகருக்குப் பங்கு கிடையாது. கள்ள அச்சுக்கும் கிடையாது. பலருக்குக் கடல்தாண்டித் தாம் பிரபலம் என்ற செய்தியே போய்ச் சேரவில்லை. எட்வின் ஸ்டார் விதிவிலக்கு. டெட்ராயிட்டின் ரிக்-டிக் கம்பெனியில் பாடியவர், தன்னை விரும்பிய நாட்டுக்கே குடிபோய், 2003இல் இங்கிலாந்திலேயே இறந்தார்.

நான் இந்த உலகத்துக்குள் நுழைந்தது ‘டெய்ன்டட் லவ்’ வழியாக. எண்பதுகளில் கேசட் பதிவுக் கடைகளில் இங்கிலீஷ் ஹிட் என்று கேட்டால் சாஃப்ட் செல் குழு பாடியதைக் கட்டாயம் சேர்த்துவிடுவார்கள். அது மறுபதிப்பு என்று வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். அசலைப் பாடியவர் குளோரியா ஜோன்ஸ், 1965இல், சாம்பியன் கம்பெனித் தட்டின் மறுபக்கத்தில். எழுதியவர் எட் காப். 1973இல் அமெரிக்காவில் தட்டு வேட்டைக்குப் போன டிஜே ரிச்சர்ட் சியர்லிங் அதைக் கொண்டுவந்து வடக்கில் போட்டார். சாஃப்ட் செல்லின் டேவ் பால் பிளாக்பூல் பக்கத்துப் பையன். அந்தப் பாட்டு அவர் காதுக்கு வந்தது இந்த வழியில்தான்.

1981 செப்டம்பரில் பிரிட்டிஷ் பட்டியலில் சாஃப்ட் செல் முதலிடம். அமெரிக்கப் பட்டியலில் 43 வாரம் நின்று அன்றைக்குச் சாதனை. ஆனால் தட்டின் இரண்டு பக்கத்துப் பாடலாசிரியர்களுக்கும் விற்பனையில் சமப்பங்கு உண்டு. அந்தப் பையன்கள் மறுபக்கத்தில் தங்கள் சொந்தப் பாட்டை வைக்காமல் சுப்ரீம்ஸ் பாட்டு ஒன்றை மறுபடி பாடி வைத்துவிட்டார்கள். அதனால் உலகம் முழுக்க விற்ற தட்டில் எழுத்துரிமைப் பணம் ஒரு பக்கத்துக்கு எட் காப்புக்கும், மறுபக்கத்துக்கு மோட்டவுன் எழுத்தாளர்களுக்கும் போனது. சாஃப்ட் செல்லுக்கு அதில் பைசா இல்லை. குளோரியா ஜோன்ஸும் பாடியவர்தானே தவிர எழுதியவர் இல்லை.

அந்த டிசம்பரில் கேசினோ மூடியது. கடைசி இரவின் கடைசித் தட்டு ஃபிராங்க் வில்சன், இந்தத் தடவை சொந்தப் பெயரில். கட்டடத்தைப் பிறகு இடித்தார்கள்; இப்போது அந்த இடத்தில் ஒரு வணிக வளாகம்.

இரண்டு ‘டெய்ன்டட் லவ்’களில் எது மேல் என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. சாஃப்ட் செல் பாட்டை மெதுவாக்கி, இயந்திரத் தாளத்தில் குளிரவைத்து, புதிதாக ஒன்று செய்தார்கள், திறமைதான். குளோரியா ஜோன்ஸ் பாடியது இரண்டே கால் நிமிஷம் இருக்கும். குழல்கள் வெட்டி வெட்டிப் பேசும், அவர் குரல் அதைத் துரத்திக்கொண்டே ஓடும். என் ஓட்டு அவருக்கு. எங்கப்பா ஓட்டுப் போட்டது அந்த கோஸ்ட் பாட்டுக்கு. ரிங் ஃபிரேம் நன்றாக ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றார்.