கத்திக்குக் கூர்மை தருபவர் யார்? பெயர் அறியப்படாத ஜப்பானியத் தீட்டுநர்கள்

ஜப்பானின் கைவினைச் சமையல் கத்திகளை உலகெங்கும் உள்ள சமையற்கலைஞர்கள் விரும்பி வாங்குகின்றனர். அந்தப் புகழ் பெரும்பாலும் இரும்பை அடித்து வடிக்கும் கொல்லருக்கும், கத்தியில் தன் பெயரைப் பொறிக்கும் விற்பனை நிறுவனத்துக்குமே சேர்கிறது. ஆனால் கத்திக்கு வெட்டும் திறனைத் தருபவர் 'தொகிஷி' எனப்படும் தீட்டுநர். அவருடைய பெயர் பெரும்பாலும் கத்தியில் இடம்பெறுவதில்லை.

தேய்ந்த கத்தியை மீண்டும் கூராக்கித் தரும் சாணைக்காரரும் இவரும் ஒருவரல்லர். புதிய கத்தி உருவாகும்போதே அதன் வடிவத்தையும் வெட்டுவாயையும் அமைப்பவர் இவர்.

மூவர் கைமாறும் கத்தி

இத்தொழில் முறையைத் தெளிவாகக் காணக்கூடிய இடம் ஒசாகா மாகாணத்தில் உள்ள சகாய் நகரம். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக ஜப்பானுக்குப் புகையிலை வந்ததைத் தொடர்ந்து, அதன் இலையைச் சீவும் கத்திகள் இங்கு செய்யப்பட்டன. அவற்றின் தரத்தை ஏற்று, தோக்குகாவா ஆட்சியாளர்கள் 'சகாய் கிவாமே' என்ற முத்திரையை வழங்கினர். சகாய் கத்தித் தொழிலை ஜப்பான் அரசு 1982ஆம் ஆண்டு மரபுக் கைவினையாக அறிவித்தது.

சகாயில் ஒரே கைவினைஞர் முழுக் கத்தியையும் செய்வது வழக்கமன்று. கொல்லர் அலகை வடிக்கிறார், தீட்டுநர் கூராக்குகிறார், மூன்றாமவர் கைப்பிடி பொருத்துகிறார். இவர்கள் தனித்தனிச் சிறு பட்டறைகளில் பணியாற்ற, மொத்த வணிகர்கள் அவர்களை இணைக்கின்றனர். சஞ்ஜோ, எச்சிசென் போன்ற பிற கத்தித் தொழில் மையங்களில், வடிப்பதும் தீட்டுவதும் ஒரே பட்டறையில் நடப்பது பரவலாக உள்ளது.

தீட்டுநரின் பணி

கொல்லரிடமிருந்து வரும் அலகு கருத்த நிறத்துடன் தடித்திருக்கும். அதில் வெட்டுவாய் இராது. பெரும்பாலான மரபுக் கத்திகளில் மென்மையான இரும்பும் கடினமான எஃகும் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். காய்ச்சிய அலகை நீரில் தோய்த்துக் கடினப்படுத்தும்போது இவ்விரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. எனவே அலகு சற்று வளைந்துவிடுகிறது. தீட்டுநர் அலகைக் கண்ணருகே பிடித்து வளைவைக் கண்டறிந்து, சிறு சுத்தியலால் தட்டி நேராக்குகிறார். தேய்க்கத் தேய்க்க அலகு மீண்டும் வளையக்கூடும் என்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் இதனைத் திரும்பச் செய்ய வேண்டியுள்ளது.

பின்னர் அலகை மரப்பிடியில் பொருத்தி, சுழலும் பெரிய சாணைக்கல்லில் அழுத்தித் தேய்க்கிறார். கல்லின் மீது நீர் தொடர்ந்து பாய வேண்டும். அலகின் வெப்பநிலை சுமார் 200 டிகிரி செல்சியஸைக் கடந்தால் எஃகின் கடினத்தன்மை குறையத் தொடங்கும். கொல்லரின் உழைப்பு முழுவதும் சில நொடிகளில் வீணாகிவிடக்கூடிய கட்டம் இதுவே. சொரசொரப்பான கல்லில் தொடங்கி நுண்மையான கல்லுக்குப் படிப்படியாக மாறிய பின், வெட்டுவாயில் எஞ்சும் பிசிறு நீக்கப்படுகிறது. இயற்கைக் கல்லின் நுண்பொடியால் தேய்க்கும்போது இரும்புப் பகுதி மூடுபனி போன்ற மங்கலான நிறத்தைப் பெறுகிறது; எஃகுப் பகுதி பளபளப்பாகத் தனித்துத் தெரிகிறது.

மீனை மெல்லிய துண்டுகளாக அரிய உதவும் 'யானகிபா' போன்ற கத்திகளின் ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தீட்டப்படுகிறது. மறுபக்கம் மிகச் சிறிய அளவில் குழிவாக்கப்படுகிறது. அரிந்த துண்டு கத்தியில் ஒட்டாமல் விலகுவதற்கும், பின்னாளில் கத்தியை எளிதில் தீட்டுவதற்கும் இக்குழிவே உதவுகிறது. அதன் ஆழம் எங்கும் சீராக அமையாவிட்டால், சில முறை தீட்டியதும் வெட்டுவாய் கோணலாகிவிடும்.

வாளுக்கு உள்ள மதிப்பு

வாள் மெருகேற்றும் கலைக்கு ஜப்பானில் நெடுங்காலமாகவே உயர்ந்த இடம் உண்டு. ஹோனாமி குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக வாள்களை மெருகேற்றியும் மதிப்பிட்டும் புகழ் பெற்றவர்கள். அக்கலையில் தேர்ந்த ஹோனாமி நிஷ்ஷூ, 1975ஆம் ஆண்டு 'வாழும் தேசியச் செல்வம்' என அரசால் சிறப்பிக்கப்பட்டார்.

வாள் காட்சிக்கு வைக்கப்படுவதால் அதை மெருகேற்றியவரின் வேலை நிலைத்து நிற்கிறது. சமையல் கத்தியோ நாள்தோறும் பயன்படுத்தப்பட்டுத் தேய்வது. சமையற்காரர் தம் கல்லில் முதன்முறை தீட்டும்போதே தீட்டுநர் அமைத்த கூர்மை கரைந்துபோகிறது. எனினும் அவர் வகுத்த சரிவும் குழிவும் எஞ்சுகின்றன. சமையற்காரரின் கை ஒவ்வொரு முறையும் அந்தத் தளத்தைப் பின்பற்றியே நகர்கிறது.

சங்கிலி அறுபடும் அபாயம்

நாள் முழுவதும் அமர்ந்த நிலையில், குளிர்ந்த நீரிலும் உலோகத் துகள்களிலும் கைகளை நனைத்தபடி செய்ய வேண்டிய வேலை இது. கற்றுத் தேர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். 'மரபுக் கைவினைஞர்' என்ற அரசு அங்கீகாரத் தேர்வை எழுதவே குறைந்தது 12 ஆண்டு அனுபவம் தேவை என்பது குறிப்பிடத்தக்கது. இத்தகைய வேலைக்கு இளைஞர்களை ஈர்ப்பது எளிதன்று.

ஒரு தீட்டுநர் பட்டறையை மூடினால் இழப்பு அவரோடு நிற்பதில்லை. தொழில் பிரிவினையின் அடிப்படையில் இயங்கும் நகரில், கொல்லர் வடித்த அலகுகள் தீட்ட ஆளின்றித் தேங்கும். கைப்பிடி பொருத்துபவருக்கும் வேலை குறையும். ஒரு கொல்லரின் அலகுகளைப் பல ஆண்டுகள் தீட்டிப் பெற்ற கைப்பழக்கத்தைப் புதியவர் ஒருவரால் உடனே ஈடுசெய்ய இயலாது.

அண்மைக் காலமாகச் சில விற்பனையாளர்கள் கத்தியின் விவரக் குறிப்பில் கொல்லரின் பெயருடன் தீட்டுநரின் பெயரையும் வெளியிட்டு வருகின்றனர். வாங்குவோரும் தீட்டுநரின் பெயரைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால், உழைப்புக்கு ஏற்ற ஊதியத்தையும் அடுத்த தலைமுறையையும் பெறுவதற்கு அது வழியாக அமையக்கூடும்.