விடி-ஈஎச்எச் (அஞ்சல் சரக்கு விமானம்)

விடி-ஈஎச்எச் என்பது ஏர் இந்தியாவுக்குச் சொந்தமாக இருந்த ஒரு போயிங் 737-200 விமானத்தின் பதிவெண். அஞ்சல் துறைக்காகச் சரக்கு ஏற்றிப் பறந்த இவ்விமானம் 2012-இல் ஓய்வுபெற்றது. அதன்பின் 13 ஆண்டுகள் கொல்கத்தா விமான நிலையத்தின் ஓரத்தில் நின்றது.

1982-இல், பின்னர் ஏர் இந்தியாவோடு இணைந்த இந்தியன் ஏர்லைன்ஸில் பயணிகள் விமானமாகச் சேர்ந்தது. 1998-இல் அலையன்ஸ் ஏருக்குக் குத்தகைக்குப் போய், 2007-இல் திரும்பியதும் சரக்கு விமானமாக மாற்றப்பட்டது. வடகிழக்கு மாநிலங்களுக்கு மலைவழியில் நாள்கணக்கில் போய்ச் சேரும் தபால் மூட்டைகளைக் கொல்கத்தாவிலிருந்து வான்வழியே கொண்டு சேர்ப்பதற்காக அஞ்சல் துறை அப்போது தனிச் சரக்கு விமானச் சேவையைத் தொடங்கியிருந்தது. நம் தபால் வரலாற்றில் பெருமையோடு எழுதப்பட வேண்டிய அத்தியாயம் அது, அதிகம் பேசப்படவில்லை.

737-200 வகையில் சுமார் 1,100 விமானங்கள் கட்டப்பட்டன. 1988-இல் உற்பத்தி நின்றது. இப்போது பறப்பவை மிகச் சில. இறக்கையை ஒட்டினாற்போல் நீண்டு ஒல்லியாக இருக்கும் பிராட் அண்ட் விட்னி ஜேடி8டி என்ஜினே இதன் அடையாளம். தரையிறங்கியதும் என்ஜினின் பின்முனையில் இரண்டு அரைவட்டக் கதவுகள் மடங்கி, வெளியேறும் காற்றை முன்னோக்கித் திருப்பி வேகத்தைக் குறைக்கும். இன்றைய பருத்த என்ஜின்களில் இந்த அமைப்பு கிடையாது. ஓய்வுபெற்ற விமானத்தில் முதலில் கழற்றி விற்கப்படுவது பெரும்பாலும் என்ஜின்தான். இதிலோ இரண்டும் அப்படியே இருந்தன.

விமானம் மறக்கப்பட்டது கணக்கேடுகளில். தேய்மானக் கணக்கு, காப்பீடு, பராமரிப்புத் திட்டம் என ஒவ்வொரு பதிவிலிருந்தும் அது விடுபட்டுப்போனது. 2022 ஜனவரியில் டாடா குழுமம் ஏர் இந்தியாவை ஏற்றபோது இப்படியொரு சொத்து இருப்பதே புது நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. விமானத்தை அகற்றும்படி நிலைய அதிகாரிகள் கேட்டபிறகே பழைய ஆவணங்களைப் புரட்டி, அது தங்களுடையதுதான் என்று நிறுவனம் உறுதிசெய்தது. நிறுத்துமிடக் கட்டணமாக ஏறத்தாழ 1 கோடி ரூபாய் சேர்ந்திருந்தது. ஐந்தாண்டுகளில் அந்த நிலையத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட 14-ஆவது கைவிடப்பட்ட விமானம் இது.

2025 நவம்பரில் இறக்கைகளைக் கழற்றி, உடற்பகுதியை நீண்ட டிரெய்லரில் ஏற்றிச் சாலை வழியே பெங்களூருக்குக் கொண்டுசென்றார்கள். பராமரிப்புப் பொறியாளர்களின் பயிற்சிக்கு அங்கே பயன்பட உள்ளது. உடைத்துப் பழைய இரும்பாக்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஆயினும் தபால் சுமந்த அதன் வரலாற்றைப் பொதுமக்கள் அறியும்படி ஒரு பலகையாவது அங்கே வைக்க வேண்டும்.

சென்னையைத் தளமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷனும் 1996-இல் 737-200 சரக்கு விமானங்களோடுதான் பறக்கத் தொடங்கியது. பின்னர் 757-க்கு மாறியது. பழைய சரக்கு விமானத்துக்கு மறுவாழ்வு கிடைத்ததற்கு டகோட்டா ரகப் போக்குவரத்து விமானம் ஓர் எடுத்துக்காட்டு. அயர்லாந்தில் பழைய இரும்பாகப் போகவிருந்த ஒன்று 2011-இல் மீட்கப்பட்டுப் பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டது. ‘பரசுராமா’ என்ற பெயரோடு, 1947-இல் ஸ்ரீநகருக்குப் படைவீரர்களை ஏற்றிச்சென்ற டகோட்டாவின் நினைவாக விபி-905 என்ற எண்ணையும் தாங்கி, 2018-இல் இந்திய விமானப்படையில் அது சேர்ந்தது.