பல் மருத்துவ மாணவர்களின் சிகிச்சைப் பயிற்சி: எண்ணிக்கையா, திறனா?

இந்தியாவில் பல் மருத்துவராகப் பதிவு செய்ய, பி.டி.எஸ். பட்டப்படிப்புடன் ஓராண்டு சுழற்சி முறை உள்ளிருப்புப் பயிற்சியையும் நிறைவு செய்ய வேண்டும். எழுத்துத் தேர்வில் பெறும் மதிப்பெண் மட்டும் போதாது. நோயாளிகளுக்கு நேரடியாகச் சிகிச்சை அளித்த அனுபவமும் கட்டாயமாகும்.

விதிமுறைகள்

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் 2007-ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆண்டுக்கு 240 கற்பித்தல் நாள்களையும், பாட வகுப்பு, செய்முறை ஆகிய இரண்டிலும் தனித்தனியே 75 சதவீத வருகையையும் வலியுறுத்துகின்றன. தொடக்க ஆண்டுகளில் மாதிரிப் பற்களில் பழகும் மாணவர்கள், மூன்றாம் ஆண்டு முதல் கல்லூரி மருத்துவமனையின் பல்வேறு பிரிவுகளில் பயிற்சி பெறுகின்றனர். பல் பிடுங்குதல், பல் அடைத்தல், ஈறு சுத்திகரிப்பு, செயற்கைப் பல்செட் பொருத்துதல் போன்ற சிகிச்சைகளில் ஒவ்வொரு மாணவரும் குறிப்பிட்ட எண்ணிக்கையை முடித்து, பதிவேட்டில் ஆசிரியரின் கையொப்பம் பெற வேண்டும்.

எண்ணிக்கையின் சிக்கல்

எல்லாச் சிகிச்சைகளுக்கும் ஒரே அளவு காலம் தேவைப்படுவதில்லை. சாதாரணமாகப் பல் பிடுங்குவது ஒரே வருகையில் முடிந்துவிடும். முழுப் பல்செட்டுக்கோ முதல் அளவு, இறுதி அளவு, தாடைப் பொருத்தப் பதிவு, மெழுகு மாதிரியைப் பொருத்திப் பார்த்தல், ஒப்படைத்தல் என வழக்கமாக ஐந்து வருகைகள் தேவை. நோயாளி இடையில் வராமல் போனால் மாணவரின் பல வார உழைப்பு கணக்கில் சேராது. ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் நேரமும் உண்டு. எனவே, மாணவரின் எண்ணிக்கை அவரது உழைப்பை மட்டுமின்றி, நோயாளிகளின் வருகை, சிகிச்சை நாற்காலிகள், ஆசிரியர்கள் ஆகியவற்றையும் சார்ந்துள்ளது.

எண்ணிக்கையை நிறைவு செய்யும் அவசரத்தில், நோயாளியின் முழுத் தேவையைவிட மாணவருக்குத் தேவையான சிகிச்சை முன்னிலை பெறும் அபாயமும் உள்ளது. இதைத் தவிர்க்கும் வழியாக, ஒரு நோயாளியின் முழுச் சிகிச்சையையும் ஒரே மாணவரிடம் ஒப்படைத்து, செயல்திறனை மதிப்பிடும் முறை பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது.

புதிய சட்டம்

1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்துக்கு மாற்றாக, தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேற்றப்பட்டது. மருத்துவப் பணிக்கான உரிமம், முதுநிலைப் படிப்புச் சேர்க்கை ஆகிய இரண்டுக்கும் பொதுவான தேசியத் தகுதித் தேர்வுக்கு இது வகை செய்கிறது. அத்தேர்வு நடைமுறைக்கு வரும்போது, நோயாளிகள் குறைவாக வரும் கல்லூரியில் பயின்றவரும் மிகுதியாக வரும் கல்லூரியில் பயின்றவரும் ஒரே அளவுகோலை எதிர்கொள்வர். ஆகவே, கல்லூரி மருத்துவமனைகளுக்கு இடையிலான பயிற்சி வாய்ப்பின் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதும் இன்றியமையாததாகிறது.