பொப்பிசையும் எம் இளைஞரும்

"மேளம் முழங்க வேண்டிய திருவிழாவிலே கிற்றாருக்கு என்ன வேலை?" என்று பெரியோர் கேட்பதுண்டு. இளைஞர் மறுமொழி கூறாது வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு மேடையின் பின்புறம் ஒதுங்குவதுமுண்டு. அந்தக் கிற்றார் எம் நாட்டுக்கு வந்தது எவ்வாறு, அதைக்கொண்டு எம்மவர் செய்தது யாது என்பதை இரு சாராரும் அறிந்திருத்தல் நன்று.

வெளியிலிருந்து வந்தது என்ற காரணத்துக்காக ஒரு வாத்தியத்தைத் தள்ளிவிட முடியாது. கர்நாடக சங்கீதக் கச்சேரியில் இன்று இன்றியமையாததாய் விளங்கும் வயலின் ஐரோப்பியருடைய வாத்தியமே. அதை எமது இசைக்கு உரியதாக்கியவர்களுள் முன்னோடி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858). ஆர்மோனியமும் பிரான்சு தேசத்திலே 1842இல் உரிமைப் பதிவு பெற்றதொன்று. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை ஆர்மோனியமின்றி எண்ணிப் பார்க்க இயலுமா? ஆகவே, வாத்தியம் எங்கே பிறந்தது என்பதன்று கேள்வி; அதிலே யாருடைய பாட்டு ஒலிக்கிறது என்பதே கேள்வியாகும்.

1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1658இல் அவர்களுடைய ஆட்சி ஒழிந்தது. அவர்கள் வழிவந்த ஆட்டமும் பாட்டும் ஒழியவில்லை. 'பைலா' எனும் இசை அவ்வழியே வளர்ந்ததுதான். பிற்காலத்தில் கிற்றாரோடு கூடிய பைலா கொழும்பிலும் மேற்குக் கரையூர்களிலும் பெரிதும் பரவியது.

இதற்கிடையே மேல்நாட்டிலும் ஒரு புதுமை நிகழ்ந்தது. 1957ஆம் ஆண்டு யூலை 6ஆந் திகதி, இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரத்து வூல்ற்றன் என்னுமிடத்தில், ஒரு தேவாலய விழாவிலே பள்ளிப் பையன்கள் சிலர் கூடிப் பாடினர். தேயிலைப் பெட்டியிலே கோலும் கயிறும் பூட்டிய ஒரு வாத்தியமும், உடுப்புத் தோய்க்கும் பலகையும் அவர்களுக்குப் பக்கவாத்தியங்களாயின. ஜோன் லெனனும் போல் மக்காட்னியும் அன்றுதான் முதன்முதலிற் சந்தித்தனர். பின்னர் உலகத்தையே ஆட்டிவைத்த 'பீற்றில்ஸ்' குழுவின் வித்து அதுவே. கோயில் வீதியிலே கூடும் எம் இளைஞருக்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாதென எண்ணுகிறோம்.

1960களின் நடுப்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்த்தன முதலியோர் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவின் மூலம் சிங்களத்திலே புதிய மெல்லிசையைப் படைத்தனர். தமிழ் மேடைகளிலோ சினிமாப் பாட்டே கோலோச்சியது. சௌந்தரராஜனைப் போலவும் சுசீலாவைப் போலவும் அச்சொட்டாகப் பாடுதலே ஓர் இசைக்குழுவின் பெருமை எனக் கருதப்பட்டது. குரல் எம்முடையது, பாட்டோ பிறருடையது.

இந்நிலையை மாற்ற முன்வந்தோருள் உரும்பிராயிலே பிறந்த நித்தி கனகரத்தினம் குறிப்பிடத்தக்கவர். அவருடைய 'சின்ன மாமியே' என்ற பாட்டில் பெரிய தத்துவம் எதுவுமில்லை. மாமியிடம் அவள் மகளைப்பற்றி விசாரிக்கும் ஓர் இளைஞனும், யாழ்ப்பாணத்துப் பேச்சுமே அதில் உள்ளன. வீட்டு முற்றத்திலே பேசும் தமிழ் கிற்றாரோடு மேடையேறியது கண்டு மக்கள் சிரித்தனர். பின்பு தாமும் சேர்ந்து பாடினர். திருகோணமலையிலே எம். பி. பரமேஷ் தமது சொந்தப் பாடலை இசைத்தட்டாக்கினார். ஏ. ஈ. மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி'யைப் பாடிப் புகழ்பெற்றார். எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை முதலியோரும் இத்துறையில் உழைத்தனர்.

காலமும் துணைநின்றது. 1967இல் கூட்டுத்தாபனமான இலங்கை வானொலி இப்பாடல்களை ஊரூராகக் கொண்டுசென்றது. 1970இல் பதவியேற்ற அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது, உள்ளூர்க் கலைஞருக்குச் சற்று இடம் கிடைத்தது. 'சுராங்கனி' பாக்குநீரிணையைக் கடந்து, 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழகப் படத்திலே இளையராஜாவின் இசையமைப்பில் ஒலித்தது. அக்கரைப் பாட்டையே பாடிவந்த நாம் அக்கரைக்கே ஒரு பாட்டை அனுப்பிவைத்தோம்!

பொப்பிசையிற் குறையே இல்லை என்பது எம் கருத்தன்று. பல பாட்டுக்கள் வெறும் களிப்போடு நின்றுவிட்டன. பெண்களைக் கேலிப்பொருளாக்கியனவும் உள. பெரியோர் இவற்றைக் கண்டித்தது நியாயமே. ஆயினும் குறையைக் களைவதற்கும் முளையைக் கிள்ளுவதற்கும் வேறுபாடுண்டு.

பின்னர் 1983இல் மூண்ட போர் கலைஞர்களைத் திசைக்கொருவராகச் சிதறடித்தது. நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். மனோகரன் 2018 சனவரியிற் சென்னையிலே காலமானார். 1990இன் பின் குடாநாட்டிலே மின்சாரம் அற்றுப் பற்றறியும் கிடையாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தால் வானொலி கேட்டவர்கள் எம்மவர். பாட்டின்றி வாழ முடியாத மக்கள் நாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இன்று மின்சாரம் உண்டு. கிற்றாரும் கைக்கெட்டிய பொருளாயிற்று. கைத்தொலைபேசியிலேயே பாட்டைப் பதிந்து உலகெங்கும் அனுப்பலாம். ஆயினும் எம் மேடைகளிற் பெரும்பாலும் கேட்பது மறுபடியும் சினிமாப் பாட்டே! எனவே இரண்டு விண்ணப்பங்கள். இளைஞர்காள், நால்வர் கூடினால் குழுவாகும். ஆனால் சொந்தமாக ஒரு பாட்டேனும் பிறந்தாற்றான் அக்குழுவுக்கு உயிருண்டாகும். உங்கள் தோட்டத்தையும் கடலையும், உங்கள் மாமியையும் பாடுங்கள். பெரியோர்காள், நாதஸ்வரமும் தவிலும் தமக்குரிய இடத்திலே என்றும் முழங்கட்டும். ஆண்டுவிழா இரவிலே அரைமணி நேரத்தை மட்டும் இப்பிள்ளைகளின் சொந்தப் பாட்டுக்கு ஒதுக்கி, முன்வரிசையிலிருந்து கேளுங்கள். பிழை கண்டால் திருத்துங்கள், நன்றாயிருந்தால் கைதட்டுங்கள். உரும்பிராயிலே பிறந்த பாட்டுக்காரர் ஒருவரோடு எம் பாட்டு முடிந்துவிடலாகாது.