கவலையிலிருந்து கூரை வரைக்கும் – எங்க வீட்டு கரண்ட் கதை

போன வருஷம் எங்க வீட்டு மொட்டை மாடியில 3 கிலோவாட் சோலார் போட்டோம். "என்னங்க லாபம்?"னு பார்க்கிறவங்க எல்லாம் கேக்கிறாங்க. கணக்கைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, கரண்ட் எங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அந்த லாபத்தோட அருமை புரியும்.

எங்க அப்பாரு (தாத்தாவை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) காலத்துல தண்ணி இறைக்கிறதுன்னா கவலைதான். ரெண்டு எருது, ஒரு சால், வடக்கயிறு, வால்கயிறு, மேல ஒரு உருளை. கோழி கூப்பிடப் பூட்டினா வெயில் ஏறுற வரைக்கும் இறைப்பு. அரை ஏக்கர் நனையறதுக்குள்ள எருதுக்கும் நுரை தள்ளும், ஆளுக்கும் நுரை தள்ளும். அதுக்கு 'கவலை'ன்னு பேரு வெச்சவன் சரியாத்தான் வெச்சிருக்கான்.

1932-ல் நீலகிரி பைக்காராவுல நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சுது. அந்தக் கரண்ட் மலை இறங்கி கோயம்புத்தூர் மில்லுகளுக்கு வந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவையிலேயே மோட்டார் செஞ்சாங்க. கரண்டும் மோட்டாரும் பக்கத்துலயே கிடைச்சதாலதான் கொங்கு நாட்டுக் கிணறுகள்ல பம்புசெட் சீக்கிரமே வந்துச்சு. எங்க தோட்டத்துக்கு 1963-ல் சர்வீஸ் கிடைச்சுது. முதல் நாள் மோட்டார் தண்ணி வாய்க்கால்ல பாஞ்சதைப் பார்த்துட்டு, அப்பாரு எருது ரெண்டையும் கழுத்தோட கட்டிக்கிட்டு அழுதாருன்னு அம்மா சொல்வாங்க.

ஆனா கவலை போயி பில்லு வந்துச்சு. 1970-ல் கரண்ட் ரேட்டைக் கூட்டினப்ப விவசாயிங்க தெருவுக்கு வந்தாங்க. ஜூன் 19, பெருமாநல்லூர்ல துப்பாக்கிச் சூடு. மூணு விவசாயிங்க செத்துப் போனாங்க. 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில போராட்டம் இன்னும் பெருசாச்சு. கோயம்புத்தூர் ரோடெல்லாம் மாட்டு வண்டியா நின்னுச்சு. எங்க வண்டியும் அதுல ஒண்ணு, ஓட்டிப் போனது எங்க அப்பா. அந்த ஜூலை 5-ம் தேதியைத்தான் இன்னைக்கும் உழவர் தினம்னு கும்பிடுறோம். 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்துச்சு. அது சும்மா கிடைச்சதில்லைங்க, உசுரைக் கொடுத்து வாங்கினது.

இலவசம் வந்துச்சு, நேரம் நம்ம கையில இல்லை. மும்முனைக் கரண்ட் பாதி நாள் ராத்திரியிலதான் வரும். 2003-ல் ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார் போடப் போன அப்பாவை வரப்புல கட்டுவிரியன் கடிச்சிருச்சு. பொழைச்சு வந்தார். ஆனா அதுக்கப்புறம் இருட்டுல தோட்டத்துப் பக்கம் காலே வைக்கலை. "சூரியன் பகல்ல காயுது, கரண்ட் ராத்திரி வருது, யார் போட்ட கணக்குடா இது?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்.

2012-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீங்க. சென்னையைத் தாண்டினா ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. எம் பொண்ணு அப்போ பத்தாவது. எங்க ஊர்ல முதல்ல சோலார் வந்தது வசதியான வீட்டுக்கு இல்லைங்க. அரசு கட்டிக் கொடுத்த 300 சதுர அடி பசுமை வீடுகளுக்குத்தான். பொழுது சாஞ்சா ஊரே இருட்டு, அந்த வரிசையில மட்டும் வெளிச்சம். எம் பொண்ணு புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு அங்க ஒரு வீட்டுத் திண்ணையில போயி உக்காந்து படிச்சா. அந்த வீட்டு அம்மா சுக்குக் காப்பி வெச்சுக் கொடுப்பாங்களாம். எங்க வீட்டுல ஏசி இருந்துச்சு, லைட்டு இல்லை. அன்னைக்குத்தான் சோலார் எம் மண்டையில ஏறுச்சு.

இந்தப் பேனல் ஒண்ணும் நேத்து முளைச்சதில்லை. 1954 ஏப்ரல்ல அமெரிக்காவுல பெல் ஆய்வுக்கூடத்துல சேப்பின், ஃபுல்லர், பியர்சன்னு மூணு பேரு சிலிக்கான் தகடை வெச்சு வெயில்ல கரண்ட் எடுத்துக் காட்டினாங்க. விழுற வெளிச்சத்துல நூத்துக்கு ஆறு பங்குதான் கரண்டாச்சு. 1958-ல் வான்கார்ட் செயற்கைக்கோள்ல அதை ஏத்தி விட்டாங்க. விண்வெளிக்குப் போனது நம்ம கூரைக்கு வர அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்போ வர்ற பேனல் நூத்துக்கு இருபதுக்கு மேல எடுக்குது.

சரி, கணக்குக்கு வர்றேன். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு சராசரியா நாலு யூனிட். எங்க மூணு கிலோவாட்டுக்குப் பன்னிரண்டு. ரெண்டு மாசத்துக்கு எழுநூறு சொச்சம். 2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், நேரா பேங்க் கணக்குக்கே வந்துருச்சு. முன்னாடி எங்க வீடு 500 யூனிட்டைத் தாண்டிரும். தாண்டினா கீழ் ஸ்லாப்புக்கும் சேர்த்து ரேட்டு ஏறும். இப்போ அந்தப் பயம் இல்லை. பகல்ல மிஞ்சினது லைனுக்குப் போகுது, ராத்திரி நாம எடுக்கிறோம், நெட் மீட்டர் ரெண்டையும் கழிச்சுக் காட்டுது.

பாதகத்தையும் சொல்லிடறேன். பேட்டரி இல்லாத சோலார், லைன்ல கரண்ட் போனா தானும் நின்னுரும். கம்பத்துல வேலை பார்க்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. இது தெரியாம முதல் நாள் கரண்ட் போனப்ப நான் முழிச்ச முழியைப் பார்த்து அம்மா சிரிச்சாங்க. நிழலும் ஆகாது. தென்னை மட்டை நிழல் ஒரு பேனல்ல விழுந்தாலே உற்பத்தி குறையும். பேனலுக்கு வேணுங்கறது வெளிச்சம்தான், சூடு இல்லை. சித்திரை வெயில்ல தகடு காஞ்சா கொஞ்சம் குறைச்சுத்தான் கொடுக்கும். வாரம் ஒரு தடவை காலங்காத்தால தண்ணி ஊத்தித் துடைக்கணும். ரெண்டு மாசத்துக்கு இருநூறு யூனிட்டுக்குள்ள ஓட்டுற வீடுன்னா, அவசரப்படவே வேண்டாம்.

அப்பா 2015-லயே போயிட்டார். மீட்டர் மாட்டின அன்னைக்கு அம்மாவைப் படி ஏத்திக் கூட்டிப் போயி, "நம்ம கரண்ட் இப்போ வெளிய போகுது, பாருங்க"ன்னு காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ஒரு பைசாவுக்கு வண்டி கட்டிப் போனாரே, அவரு பார்க்கணும் இதை"ன்னாங்க.

தோட்டத்து மோட்டார் இன்னும் லைன் கரண்ட்லதான் ஓடுது. அடுத்து அதுதான். மோட்டார் போட ராத்திரி எம் மகன் வரப்புல இறங்கக் கூடாது, அவ்வளவுதான்.